ஜெர்மனியின் களிமண்ணுக்குள் ஒரு ஹம்மிங்பேர்ட்

கேள்வி இது: “ஹம்மிங்பேர்ட் வட, தென் அமெரிக்காவில் மட்டும்தான் இருக்கிறது என்கிறார்கள். ஆனால் அதன் மிகப் பழைய புதைபடிவம் ஜெர்மனியில் கிடைத்திருக்கிறதாமே, எப்படி? நாலு எலும்பை வைத்துக்கொண்டு அது பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நின்று தேன் குடித்தது என்று எப்படிச் சொல்ல முடியும்? எங்கள் வீட்டுச் செம்பருத்திக்கு வருவதும் ஹம்மிங்பேர்ட்தானே?”

கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன், அது தெளிவானால்தான் மற்ற இரண்டும் பிடிபடும். உங்கள் செம்பருத்திக்கு வருவது தேன்சிட்டு. வளைந்த அலகு, பளபளக்கும் நிறம், பத்து சென்டிமீட்டருக்குள் அடங்கும் உடம்பு, இதையெல்லாம் பார்த்துவிட்டு ஹம்மிங்பேர்ட் என்று நினைப்பது இயல்புதான், ஆனால் கொஞ்சம் பொறுமையாக நின்று பாருங்கள்: அது பெரும்பாலும் ஒரு காம்பைப் பிடித்து உட்கார்ந்துகொண்டு, உடம்பை வளைத்து, பூவின் அடிப்பக்கத்தில் அலகை நுழைக்கும். பிடிக்க இடமில்லாதபோது ஒரு சில நொடி இறக்கையை அடித்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். சாயங்காலத்தில் சில பேர் வீட்டுத் தோட்டத்தில் ‘குட்டி ஹம்மிங்பேர்ட்’ என்று வீடியோ எடுத்து அனுப்புவார்கள், அதில் பாதி பறவையே இல்லை, நீளமான உறிஞ்சுகுழல் கொண்ட ஒரு வகை அந்துப்பூச்சி. தேன்சிட்டு காக்கை, சிட்டுக்குருவி எல்லாம் சேர்ந்த பெரிய கூட்டத்தைச் சேர்ந்தது. ஹம்மிங்பேர்டுக்கும் அதற்கும் நெருங்கிய உறவு கிடையாது, ஒரே தொழிலைச் செய்கிறவர்கள் கையில் ஒரே மாதிரிக் கருவி இருப்பது போல, அலகு மட்டும் ஒத்துப்போய்விட்டது.

ஆனால் ஹம்மிங்பேர்டின் உண்மையான சொந்தக்காரர் ஒருவர் நம் ஊரிலேயே இருக்கிறார், அவரைத்தான் யாரும் கவனிப்பதில்லை. பனை மரத்தைச் சுற்றிச் சுற்றி ‘ச்சீ ச்சீ’ என்று பறந்துகொண்டே இருக்குமே, அந்தப் பனை உழவாரன். உழவாரன்களும் ஹம்மிங்பேர்டுகளும் ஒரே முன்னோரிலிருந்து பிரிந்த இரண்டு கிளைகள். எலும்பும் மரபணுவும் இரண்டுமே இதைச் சொல்கின்றன. உழவாரனுக்கு நடக்க வராது, மரக்கிளையில் மற்ற பறவைகள் போல உட்காரவும் வராது, தொற்றிக்கொள்ளத்தான் முடியும். ஹம்மிங்பேர்ட் கிளையில் உட்காரும், ஆனால் அதற்கும் நடை கிடையாது, இந்தப் பக்கம் இரண்டு அங்குலம் நகர வேண்டுமென்றாலும் பறந்துதான் நகரும்.

ஒருமுறை காற்றடித்து விழுந்த ஒரு பனை ஓலையின் அடிப்பக்கத்தில் இந்த உழவாரன் கூட்டைப் பார்த்தேன். கூடு என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், இறகும் பஞ்சும் எச்சிலால் ஒட்டி, ஓலை மடிப்புக்குள் ஒரு கரண்டி அளவுக்கு ஒரு திட்டு, எச்சில் காய்ந்த இடம் கோந்து தடவியது போல மினுங்கிக்கொண்டிருந்தது. முட்டையையும் எச்சிலால்தான் ஒட்டி வைக்கும், ஓலை காற்றில் எவ்வளவு ஆடினாலும் விழாது. வேறொரு சமயம் செத்துக் கிடந்த உழவாரன் ஒன்றின் இறக்கையை விரித்துப் பார்த்தேன். அரிவாள் போல அவ்வளவு நீளமான இறக்கை, ஆனால் விரலால் தடவிப் பார்த்தால் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் இருக்க வேண்டிய எலும்பு தட்டுப்படவே இல்லை. இருக்கிறது, ஆனால் அவ்வளவு குட்டை, உடம்போடு ஒட்டி இறகுக்குள் மறைந்துவிட்டது. இந்தக் குட்டை எலும்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஜெர்மனிக் கதையின் முடிச்சே இதில்தான் இருக்கிறது.

சரி, இப்போது அந்தப் புதைபடிவம். ஹைடல்பெர்க் நகரத்துக்குத் தெற்கே வீஸ்லோக் என்ற ஊர், அதை ஒட்டி ஃபிராவன்வைலர் என்ற இடத்தில் ஒரு களிமண் குழி. அங்கே தோண்டி எடுத்த இரண்டு சின்ன எலும்புக்கூடுகள் ஸ்டுட்கார்ட் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஓர் இழுப்பறையில் இருந்தன. ஹம்மிங்பேர்ட் அமெரிக்காவுக்கு வெளியே ஒருகாலத்திலும் இருந்ததில்லை என்பது எல்லோருக்கும் ‘தெரிந்த’ விஷயமாக இருந்ததால், அந்த எலும்பை அந்தக் கண்ணோடு யாரும் பார்க்கவே இல்லை. ஃபிராங்க்ஃபர்ட்டின் செங்கன்பெர்க் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கெரால்ட் மாயர்தான் அதை அருகில் வைத்துப் பார்த்து, இது ஹம்மிங்பேர்ட் என்று 2004 மே மாதம் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார். அவர் வைத்த பெயர் யூரோட்ரோக்கிலஸ் இன்எக்ஸ்பெக்டேட்டஸ். முதல் பாதிக்கு ஐரோப்பிய ஹம்மிங்பேர்ட் என்று பொருள், இரண்டாம் பாதிக்கு ‘எதிர்பாராதது’ என்று பொருள். வயது 3 கோடி ஆண்டுகளுக்கு மேல், 3.4 கோடிக்குள்.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் அந்த இழுப்பறைதான். புதைபடிவம் என்றாலே பாலைவனத்தில் கூடாரம் போட்டு, தூரிகையால் மண்ணைத் தட்டிக் கண்டுபிடிப்பது என்றுதான் நாம் நினைக்கிறோம், அதுவும் நடக்கிறது, ஆனால் பறவைப் புதைபடிவ ஆராய்ச்சியில் நிறைய கண்டுபிடிப்புகள் இப்படி ஏற்கெனவே எடுத்து, எண் போட்டு, பெட்டியில் வைத்ததைத் திரும்பப் பார்ப்பதில்தான் கிடைக்கின்றன. அதற்குப் பல நூறு பறவைகளின் எலும்பு மனப்பாடமாகத் தெரிந்த ஒரு கண் வேண்டும். அருங்காட்சியகங்களில் பழைய சேகரிப்பைப் பராமரிக்கக் காசு ஒதுக்குவது வீண் என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த இரண்டு எலும்புக்கூடுகள்தான்.

இனி, அந்தரத்தில் நின்றது எப்படித் தெரியும் என்ற கேள்வி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இதுதான் நல்ல கேள்வி.

பறவையின் இறக்கையும் நம் கையும் ஒரே அடுக்கில் கட்டியவை. தோளிலிருந்து முழங்கை வரை ஓர் எலும்பு, அதற்கு மேற்கை எலும்பு என்று பெயர். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இரண்டு. அப்புறம் கை. சாதாரணப் பறவை இறக்கையைக் கீழே வீசும்போதுதான் அதற்குத் தூக்குவிசை கிடைக்கிறது, மேலே கொண்டுபோகும்போது முழங்கையையும் மணிக்கட்டையும் மடக்கி, காற்று தடுக்காமல் இழுத்துக்கொள்ளும். இப்படிப் பறக்கும் பறவை முன்னால் போய்க்கொண்டே இருக்க வேண்டும், நின்றால் விழும். ஹம்மிங்பேர்ட் செய்வது வேறு. உங்கள் கையைப் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து முன்பக்கமாக வீசுங்கள், திரும்பப் பின்னால் கொண்டுவரும்போது உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பிக்கொள்ளுங்கள். இப்போது போகும்போதும் காற்றை அழுத்துகிறீர்கள், வரும்போதும் அழுத்துகிறீர்கள். கை நுனி 8 என்ற எண்ணைப் படுக்கப் போட்டது போல ஒரு கோட்டை வரையும். ஹம்மிங்பேர்ட் இதை, இறக்கையை ஏறக்குறைய மடக்காமலே, தோளில் வைத்துச் சுழற்றிச் சுழற்றிச் செய்கிறது, சிறிய இனங்களில் நொடிக்கு 80 தடவை வரைகூட. 2005இல் வெளியான ஓர் ஆய்வில் காற்றோட்டத்தை அளந்து பார்த்தார்கள்: எடையைத் தாங்கும் விசையில் முக்கால் பங்கு கீழ்வீச்சிலும் கால் பங்கு மேல்வீச்சிலும் வருகிறது. மற்றப் பறவைகள் நின்று பறக்கும்போது மேல்வீச்சில் இந்த அளவுக்குக் கிடைப்பதில்லை.

இப்படிச் சுழற்ற வேண்டுமானால் எலும்பு அதற்கேற்ற மாதிரி இருக்க வேண்டும். மேற்கை எலும்பு மிகவும் குட்டையாகவும் தடித்தும் இருக்க வேண்டும், அதன் தலைப்பகுதி தோள்மூட்டில் தன் அச்சிலேயே உருளும்படி ஒரு தனி வடிவத்தில் புடைத்திருக்க வேண்டும், கைப்பகுதி எலும்புகள் நீண்டிருக்க வேண்டும். குட்டை எலும்பு உழவாரனுக்கும் இருக்கிறது, அது பொதுச் சொத்து, பாட்டன் வீட்டிலிருந்து இரண்டு பேருக்கும் வந்தது. ஆனால் மூட்டில் அந்தப் புடைப்பு ஹம்மிங்பேர்ட் வழியில் வந்தது. ஃபிராவன்வைலர் எலும்பில் மாயர் பார்த்தது அதைத்தான். கூடவே, மண்டையோட்டைவிட நீளமான, மெல்லிய அலகு. உழவாரன்களின் அலகு நேர் எதிர், குட்டையாக, ஆனால் பறந்துகொண்டே பூச்சி பிடிக்க வசதியாக வாய் மட்டும் அகலமாகத் திறக்கும். உழவாரன் குடும்பத்தின் உடம்பு, குழல் போன்ற அலகு, உருளும் தோள், இந்த மூன்றும் ஒரே எலும்புக்கூட்டில் சேர்ந்தால் வேறு எதைச் சொல்ல முடியும்?

ஒரு நியாயமான சந்தேகம் வரும்: அலகு நீளமாக இருப்பதாலேயே தேன் குடித்தது என்று ஆகுமா, உள்ளான் போன்ற கரையோரப் பறவைகளுக்கும் நீண்ட அலகுதானே? அலகை மட்டும் பார்த்தால் ஆகாது. அந்தரத்தில் நிற்கத் தோதான தோள் ஒரு பக்கம், மெல்லிய நீண்ட அலகு மறுபக்கம், இரண்டும் சேரும்போதுதான் அந்த முடிவுக்கு வருகிறார்கள். நின்று பறப்பது பறவைகள் செய்யும் வேலைகளிலேயே அதிகச் செலவு பிடிப்பது, சர்க்கரைத் தண்ணீர் மாதிரி உடனே எரியும் உணவு இல்லாமல் அதை நாளெல்லாம் செய்ய முடியாது.

நேரடிச் சாட்சியும் கிடைத்திருக்கிறது, ஆனால் அது இந்தப் பறவையிடம் இல்லை, வேறொன்றிடம். அதே ஜெர்மனியில் டார்ம்ஷ்டாட் பக்கத்தில் மெசல் என்ற பழைய சுரங்கக் குழி, 1995 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். அங்கே கிடைத்த புமிலியோர்னிஸ் என்ற விரல் நீளப் பறவை ஒன்றின் வயிற்றுப் பகுதியில் நூற்றுக்கணக்கான மகரந்தத் துகள்கள் இருந்ததை மாயரும் ஃபோல்கர் வில்டேயும் 2014இல் எழுதினார்கள். வயது ஏறக்குறைய 4.7 கோடி ஆண்டு. பறவை பூவிடம் போனது என்பதற்கு நம்மிடம் இருக்கும் மிகப் பழைய சாட்சி அதுதான். அது ஹம்மிங்பேர்டும் இல்லை, அதன் மூதாதையும் இல்லை. அதாவது பூவுக்குப் போகும் வேலையைப் பறவைகள் ஒரே முறை கற்றுக்கொள்ளவில்லை, வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு குடும்பங்கள் தனித்தனியாகக் கற்றுக்கொண்டிருக்கின்றன.

இவ்வளவு சின்னப் பறவை எப்படிக் கல்லாகிறது என்பதும் கேட்க வேண்டிய விஷயம். பறவை எலும்பு உள்ளே கூடாக இருக்கும், சுவர் காகிதம் போல மெல்லியது. நிலத்தில் செத்து விழுந்தால் எறும்பும் எலியும் இரண்டு நாளில் முடித்துவிடும். தப்பிக்க ஒரே வழி, அமைதியான தண்ணீரில் விழுந்து அடிக்குப் போய், பிராணவாயு குறைந்த சேற்றில், மாவு போல நுண்ணிய களிமண் மேலே படிய வேண்டும். ஃபிராவன்வைலர் அப்படிப்பட்ட இடம், அது அப்போது கடல்! இன்றைய மேல் ரைன் பள்ளத்தாக்கு அந்தக் காலத்தில் கடல் நீர் புகுந்த ஒரு நீண்ட வளைகுடா. அந்தக் களிமண்ணில் மீன், சுறா, கடலாமை, கடற்பசு எல்லாம் கிடைத்திருக்கின்றன. கரையில் இருந்த காட்டிலிருந்து இந்தச் சின்னப் பறவைகள் காற்றில் அடித்துக்கொண்டு போயோ எப்படியோ தண்ணீரில் விழுந்திருக்கின்றன.

ஒன்றோடு நின்றிருந்தால் ஏதோ தவறு என்று தள்ளியிருக்கலாம், நிற்கவில்லை. 2008இல் போலந்தின் கார்பேத்திய மலைப் பகுதியிலிருந்து இதே பேரினத்தில் இன்னோர் இனம் வந்தது, யூரோட்ரோக்கிலஸ் நோனியெவிச்சி. அதே ஆண்டு தெற்கு பிரான்சின் லூபெரான் பகுதியிலிருந்து வந்த ஒன்றில் எலும்போடு இறகும் பதிந்திருந்தது, அந்த இறகின் அமைப்பும் இன்றைய ஹம்மிங்பேர்டுக்கு ஒத்திருந்தது. ஜெர்மனி, போலந்து, பிரான்ஸ், மூன்றும் ஏறக்குறைய ஒரே காலகட்டம். வழிதவறி வந்த ஒன்றிரண்டு என்று இதைச் சொல்ல முடியாது, ஐரோப்பாவில் பரவலாக வாழ்ந்திருக்கின்றன.

அதற்கும் முந்தைய கட்டங்களும் ஓரளவு தெரிகின்றன. மெசலில் கிடைத்த பரார்கோர்னிஸ், அதன் அலகு உழவாரனுடையது போலக் குட்டை, ஆனால் அது ஹம்மிங்பேர்ட் பக்கத்துச் சொந்தம் என்பது மாயரின் முடிவு. காக்கசஸ் மலைப் பகுதியில் யுங்கோர்னிஸ், அர்கோர்னிஸ் என்று இரண்டை அலெக்சாண்டர் கார்ஹு என்ற ரஷ்ய ஆய்வாளர் ஏற்கெனவே விவரித்திருந்தார், பழைய உலகத்தில், அதாவது ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா பக்கத்தில், ஹம்மிங்பேர்டின் உறவினர்கள் இருந்தார்கள் என்று மாயருக்கு முன்பே சொன்னவர் அவர், அவர் பெயரை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்வது நியாயம் இல்லை. அப்புறம் அமெரிக்காவின் வயோமிங்கில், கிரீன் ரிவர் பாறையில் கிடைத்த ஈயோசிப்செலஸ் ரோவி, 2013இல் பெயரிட்டது. ஏறக்குறைய 5 கோடி ஆண்டு வயது, இரு கிளைகளும் பிரிவதற்கு முந்தைய நிலையில் இருந்த பறவை. அதன் இறக்கை உழவாரன் அளவுக்கு நீளமும் இல்லை, ஹம்மிங்பேர்ட் அளவுக்குக் குட்டையும் இல்லை, நடுவில் நிற்கிறது. இதில் ஒரு விஷயம் தெளிவாகிறது: உடம்பு சிறியதானது முதலில், நின்று பறக்கும் வித்தையும் வேகமாகச் சறுக்கும் வித்தையும் அதற்கு அப்புறம்.

சரி, ஐரோப்பாவில் இருந்தது அமெரிக்காவுக்கு எப்படிப் போனது? யூரோட்ரோக்கிலஸ் இன்றைய ஹம்மிங்பேர்டுகளின் நேர் கொள்ளுத்தாத்தா இல்லை, கொள்ளுத்தாத்தாவின் கூடப்பிறந்தவர் என்று வைத்துக்கொள்ளலாம், ஐரோப்பாவிலேயே வம்சம் முடிந்துபோன கிளை. இன்றுள்ள இனங்களின் மரபணுவை ஒப்பிட்டு ஜிம்மி மெக்வயர் குழு 2014இல் வெளியிட்ட கணக்கு இப்படி: உழவாரன்களிடமிருந்து ஹம்மிங்பேர்ட் வழி பிரிந்தது சுமார் 4.2 கோடி ஆண்டுகளுக்கு முன், அநேகமாக ஐரோப்பா, ஆசியா பக்கத்தில். இன்றைய எல்லா ஹம்மிங்பேர்டுக்கும் பொதுவான முன்னோர் தென் அமெரிக்காவில் வாழ்ந்தது சுமார் 2.2 கோடி ஆண்டுகளுக்கு முன். நடுவில் ஆசியாவையும் அலாஸ்காவையும் இணைத்த பெரிங் நிலப்பாலம் வழியாக வட அமெரிக்காவுக்குப் போய், அங்கிருந்து தெற்கே இறங்கியிருக்க வேண்டும் என்பது அவர்கள் சொல்வது. போன இடத்தில் ஆண்டிஸ் மலை உயர்ந்துகொண்டிருந்தது, ஒவ்வொரு பள்ளத்தாக்கும் ஒரு தனி ஊர் மாதிரி ஆகி, அந்த ஒரு முன்னோரிலிருந்து இன்று 350க்கும் அதிகமான இனங்கள். இரண்டு கிராம் எடையுள்ள கியூபாவின் தேனீ ஹம்மிங்பேர்டிலிருந்து இருபது கிராமைத் தொடும் பெரிய ஹம்மிங்பேர்ட் வரை.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் இந்தியாவிலும் இருந்தது, தமிழகக் காட்டிலும் இருந்தது என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம். எலும்பு கிடைத்த இடத்தைத்தான் சொல்ல வேண்டும், கிடைத்தது ஐரோப்பாவில்.

ஐரோப்பாவில் ஏன் அழிந்தன என்பதற்கு இரண்டு காரணங்கள் முன்வைக்கப்படுகின்றன. ஒன்று குளிர். 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்தே உலகம் குளிர ஆரம்பித்து, வருடம் முழுக்கப் பூ இருக்கும் காடுகள் ஐரோப்பாவில் சுருங்கின. தேனை நம்பி வாழும் பறவைக்கு ஒரு மாதம் பூ இல்லை என்றாலே பட்டினி. இன்னொன்று போட்டி. அந்த ஃபிராவன்வைலர் குழியிலேயே வீஸ்லோக்கியா என்ற இன்னொரு சின்னப் பறவையும் கிடைத்திருக்கிறது, ஐரோப்பாவில் கிடைத்த மிகப் பழைய குருவி வகைகளில் அது ஒன்று. குருவி வகைகள் தெற்கே ஆஸ்திரேலியா பக்கத்திலிருந்து கிளம்பி உலகம் முழுக்கப் பரவிய கூட்டம், தேன்சிட்டும் அதில் ஒன்று. வருகிறவர்களும் போகிறவர்களும் ஒரே களிமண்ணில் கிடப்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் மயிர்க்கூச்செறிகிறது. எனக்குக் குளிர்தான் பெரிய காரணமாகத் தோன்றுகிறது. நல்ல வெப்பமும் பூவும் இருக்கும் இடத்தில் பூச்சி, பறவை எல்லாம் சேர்ந்து தேன் குடிப்பதை அமெரிக்காவிலேயே பார்க்கிறோம்.

கடைசியாகப் பூக்களைப் பற்றி. மாயர் 2004 கட்டுரையில் ஒரு யோசனையையும் சொன்னார்: ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் சில செடிகளின் பூக்கள் பறவைக்கென்றே அமைந்தது போல இருக்கின்றனவே, ஒருவேளை அவை ஒருகாலத்தில் பழைய உலக ஹம்மிங்பேர்டுகளோடு சேர்ந்து உருவானவையோ? அவர் சொன்ன உதாரணங்களில் இம்பேஷியன்ஸ் பேரினமும் ஒன்று, நம் வீட்டு வாசலில் பூக்கும் காசித்தும்பையின் பேரினம், மேற்குத் தொடர்ச்சி மலையிலும் ஏராளம். அழகான யோசனைதான், ஆனால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு. காமரூன் மலைகளில் பின்னால் நடந்த ஆய்வில், நீண்ட மெல்லிய காம்பில் தொங்கும், உட்காரப் பிடிமானமே இல்லாத ஒரு காட்டுக் காசித்தும்பைப் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே ஹம்மிங்பேர்ட் கிடையாது. வந்தது தேன்சிட்டு, காம்பைப் பிடிக்காமல், பூவுக்கு முன்னால் இறக்கையை அடித்துக்கொண்டு, நின்றபடியே குடித்துவிட்டுப் போனது.